மாளிகை விடுதியின் இரு வாசல்கள்

பிறநாடு சென்று மீளும் ஒருவரிடம், அந்நாடு எப்படியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அவர் நல்லதொரு ஹோட்டலில் நாலு நாள் தங்கியவராயின், நூதனசாலையையும் தேவாலயத்தையும் பற்றிய பேச்சுப் பின்னாலேதான் வரும். வெந்நீர் சொரியும் குழாய், சலவை மணக்கும் படுக்கை, மணியை அழுத்தியதும் வாசலில் வந்து நின்ற பணியாள் இவையே முதலில் வரும். இதில் நகைப்பதற்கு எதுவுமில்லை. வழிக்களைப்புத் தீர நல்ல படுக்கையில் உறங்க விரும்புவது மனித இயல்பு. ஆனால் அந்தப் படுக்கை எப்பொழுது, யாருக்காக, யாருடைய உழைப்பினால் விரிக்கப்பட்டது என்று கேட்பாரைக் காண்பது அரிது.

அரண்மனைகளுக்கும் கோட்டைகளுக்கும் சரித்திரம் எழுதியோர் ஹோட்டல்களைப் பெரிதாக மதித்ததில்லை. மதித்து எழுதியோரும் அங்கே தங்கிய மன்னர்களினதும் நடிகைகளினதும் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிட்டனர். உண்மையில், கடந்த இருநூறு ஆண்டுகளில் முதலாளித்துவம் வளர்ந்த வகையையும், ஏகாதிபத்தியம் பரவித் தளர்ந்த வகையையும் காட்டும் சான்றுகளுள் உல்லாச ஹோட்டலும் ஒன்றாகும். அச்சான்றினைச் சற்று விரித்துப் பார்ப்பது பயனுடைத்து.

நிலமானிய சமுதாயத்தில் வழிப்போக்கனுக்கு இடமளித்தல் அறமாகக் கருதப்பட்டது. பருத்தித்துறையில் வீதிக்கு மேலாகக் கூரையமைத்துக் கட்டப்பட்ட தெருமூடிமடத்தை நம்மிற் பலர் கண்டிருப்பர். சிங்கள ஊர்களின் அம்பலம், தமிழகத்துச் சத்திரம், மேற்காசியப் பாலைவழிகளின் சராய், ஐரோப்பியத் துறவி மடங்களின் விருந்தினர் கூடம் யாவும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை. ஆயினும் பழமையைப் பொற்காலமென்று கொண்டாடுவதற்கில்லை. நம் மடங்களின் திண்ணையிலும் சாதி பார்த்தே இடம் விடப்பட்டதுண்டு. ஐரோப்பாவின் பழைய சத்திரங்களிலோ முன்பின் அறியாத பிரயாணிகள் ஒரே கட்டிலைப் பகிர்ந்து படுத்தனர். தனியறை, பூட்டு, சாவி என்பன சாதாரணப் பிரயாணி கனவிலும் காணாதவை.

இந்நிலை மாறத் தொடங்கியதற்கு ஓர் அடையாளமாக ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1829 இல் திறக்கப்பட்ட திரெமொன்ட் ஹவுஸ் என்னும் ஹோட்டலைக் குறிப்பிடலாம். ஐசாயா ரொஜர்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த இக்கட்டடத்தில் 170 அறைகள் இருந்தன. அறைக்கதவுகளுக்குப் பூட்டு இருந்தது. அறையில் நீரும் சவர்க்காரமும் வைக்கப்பட்டன. கட்டடத்தினுள்ளேயே எட்டு மலசலகூடங்கள் அமைக்கப்பட்டிருந்தன. இன்று இவற்றைப் படிக்கும் நமக்கு வியப்புத் தோன்றாது. அன்று அவை பெரும் புதுமைகள். அரசனும் பிரபுவும் தம் மாளிகைகளில் அனுபவித்த தனிமையையும் வசதியையும், பணமுள்ள எவரும் நாட்கணக்கில் வாடகைக்கு வாங்கலாம் என்பதே அப்புதுமையின் உட்பொருள். பிறப்பினால் வந்த உரிமை பணத்தினால் வாங்கும் பண்டமாயிற்று. நிலப்பிரபுவை வீழ்த்தி எழுந்த வணிக வர்க்கத்தின் அரண்மனையாகவே நவீன ஹோட்டல் பிறந்தது.

கைத்தொழிற் புரட்சி பெற்றெடுத்த புகையிரதமும் நீராவிக் கப்பலும் இவ்வரண்மனையைப் பிறநாடுகளுக்கும் கொண்டு சென்றன. 1841 ஆம் ஆண்டு யூலை 5 ஆம் திகதி, தோமஸ் குக் என்பவர் மதுவிலக்கு இயக்கத்தைச் சார்ந்த ஏறக்குறைய ஐந்நூறு பேரை லெஸ்ரர் நகரிலிருந்து லப்பரோ நகருக்குப் புகையிரதத்தில் அழைத்துச் சென்றார். கட்டணம் ஆளுக்கு ஒரு சிலிங். தொழிலாளரைக் குடியினின்றும் மீட்க எண்ணிய மனிதரின் நல்ல நோக்கத்தில் முளைத்த அத்தொழில், வெகு விரைவில் வேறு திசை சென்றது. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட 1869 ஆம் ஆண்டிலேயே குக் தம் உல்லாசப் பயணிகளை எகிப்துக்கு அழைத்துச் சென்றார். 1882 இல் பிரித்தானியா எகிப்தைக் கைப்பற்றியது. 1884 இல், கார்த்தூமில் முற்றுகையிடப்பட்டிருந்த கோர்டன் தளபதியை மீட்கப் புறப்பட்ட பிரித்தானியப் படையை நைல் நதிவழியே ஏற்றிச் செல்லும் ஒப்பந்தம் குக் நிறுவனத்துக்கே கிடைத்தது. உல்லாசப் பயணியை ஏற்றிய நிறுவனமே படைவீரனையும் ஏற்றியது.

அக்காலத்தில் கெய்ரோவுக்குச் சென்ற கனவான்கள் தங்குமிடம் செப்பர்ட் ஹோட்டல். சாமுவேல் செப்பர்ட் என்னும் ஆங்கிலேயர் 1841 அளவில் தொடங்கிய இவ்விடுதி நூறாண்டுகளுக்கு மேலாக உலகப் புகழுடன் விளங்கிற்று. அதன் முன்றிலில் பிரம்பு நாற்காலிகளிற் சாய்ந்து தேநீர் அருந்தியவர்களுக்கு, கீழே வீதியிற் செல்லும் எகிப்தியன் ஒரு காட்சிப்பொருள். இரு உலக யுத்தங்களிலும் பிரித்தானிய அதிகாரிகளின் கூடாரமாக அது அமைந்தது. நாட்டின் மைந்தர்களோ அங்கு பெரும்பாலும் தட்டு ஏந்துவோராகவே நுழைந்தனர்.

இதன் முடிவு எவ்வாறு வந்தது? 1952 ஆம் ஆண்டு சனவரி 25 ஆம் திகதி, இஸ்மாயிலியா நகரில் எகிப்தியப் பொலிசாரின் நிலையத்தைப் பிரித்தானியப் படை தாக்கியது. ஏறக்குறைய ஐம்பது பொலிசார் மாண்டனர். மறுநாள் கெய்ரோ பற்றி எரிந்தது. அன்று எரிந்தவற்றுள் செப்பர்ட் ஹோட்டலும் ஒன்று. ஆறு மாதம் கழிந்து, யூலை 23 இல் எகிப்தில் இராணுவப் புரட்சி நிகழ்ந்தது. தீ மூட்டுதலை நாம் புகழவில்லை. அந்நெருப்பில் குற்றமற்றோரும் உயிரிழந்தனர். ஆயினும், ஆத்திரம் கொண்ட மக்களின் கண்ணில் ஒரு ஹோட்டல் ஏன் பட்டாளத்தின் கோட்டையைப் போலத் தோன்றிற்று என்பதைச் சரித்திர மாணவன் சிந்திக்க வேண்டும்.

சூயஸ் வழியே கிழக்கு நோக்கி வந்த கப்பல்களின் பாதையில் இத்தகைய மாளிகைகள் மணிமாலை போல எழுந்தன. கொழும்பில் 1864 இல் காலி முகத்திடலின் தென்கோடியில் ஒன்று எழுந்தது. 1875 இல் துறைமுகத்தின் எதிரே, படையினர் குடியிருப்பாயிருந்த கட்டடம் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் ஆயிற்று. 1885 இல் அலைதாங்கி கட்டி முடிக்கப்பட்டதும் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு வரலாயின. சிங்கப்பூரில் ஆர்மீனியச் சகோதரர்களான சார்க்கீஸ் குடும்பத்தினர் 1887 இல் ராபிள்ஸ் ஹோட்டலைத் தொடங்கினர். பம்பாயில் 1903 டிசம்பரில் ஜம்செட்ஜி டாட்டா தாஜ்மகால் ஹோட்டலைத் திறந்தார். இந்திய மூலதனம், அந்நியனின் துறையில் அந்நியனுக்கு ஈடாகத் தலைநிமிர்ந்ததற்கு அது சாட்சி.

1890 நவம்பரில் கொழும்புத் துறையில் இறங்கி கிராண்ட் ஓரியண்டலிற் தங்கியவர்களுள் ஒருவர் ருஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ். சகாலின் தீவில் கைதிகளைக் குடிசை குடிசையாகச் சென்று கணக்கெடுத்துவிட்டு அவர் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். நரகத்தைக் கண்டு வந்த கண்களுக்கு இலங்கை சுவர்க்கமாகத் தோன்றியது. தம் கடிதத்தில் அவ்வாறே எழுதினார். அந்த உவகையிற் பொய்யில்லை. ஆனால் அவர் ஏறிச் சென்ற புகையிரதப் பாதைகள் மலைநாட்டு விளைபொருளைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கென்றே இடப்பட்டவை. தேயிலைப் பெட்டிகளை நிறைத்தவர்கள், பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் லயன் அறைகளிற் குடும்பத்தோடு முடங்கிக் கிடந்தனர். சகாலினில் மனிதத் துயரை ஊன்றி நோக்கிய மகா எழுத்தாளனுக்கும் இது தென்பட வாய்ப்பில்லை. நாலைந்து நாள் தங்குவோனின் கண்ணுக்கு ஹோட்டல் காட்ட விரும்புவதே தெரியும்.

இனி, மாளிகை விடுதியின் பின்வாசலுக்கு வருவோம். உல்லாசம் என்பதற்கே ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக ஆகிவிட்ட பெயர் ரிட்ஸ். அப்பெயருக்குரிய சேசார் ரிட்ஸ் 1850 இல் சுவிற்சர்லாந்தின் நீடர்வால்ட் என்னும் மலைக்கிராமத்தில் ஓர் ஏழைக் குடியானவனின் பதின்மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தவர். 1867 இல் பாரிஸ் சேர்ந்து, எச்சிற் தட்டு எடுப்பதிலிருந்து படிப்படியாக உயர்ந்தவர். 1889 இல் இலண்டனில் மின்விளக்கும் மின்தூக்கியும் பொருத்தித் திறக்கப்பட்ட சவோய் ஹோட்டலை நிருவகித்தார். 1898 இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். அதே ஆண்டு யூன் மாதத்தில் பாரிஸ் நகரின் வான்டோம் சதுக்கத்தில் தம் பெயரால் ஹோட்டல் திறந்தார். அறையோடு சேர்ந்த குளியலறை என்னும் வசதியை உயர்குடியினர் கேட்டுப் பெறும் வழக்கமாக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

ரிட்ஸின் உற்ற துணைவர் ஒகுஸ்த் எஸ்கோபியே என்னும் சமையற் கலைஞர். அடுக்களையை அவர் படைப்பிரிவு போல வகுத்தார். ஒருவர் குழம்புக்கு, ஒருவர் மீனுக்கு, ஒருவர் வாட்டிய இறைச்சிக்கு, ஒருவர் இனிப்புக்கு என வேலையைப் பிரித்தார். சமையலைத் துப்புரவும் கண்ணியமும் உள்ள தொழிலாக்க அவர் விரும்பியது உண்மை. அதே வேளை, ஆலையில் நிகழ்ந்த தொழிற்பிரிவினை அடுக்களைக்குள் புகுந்ததும் இவ்வழியேதான். மேல்மாடியில் விருந்தினன் தானே மன்னனென உணர வேண்டுமாயின், நிலவறையில் நூறு பேர் இயந்திரத்தின் பற்சக்கரங்களாகச் சுழல வேண்டியிருந்தது.

அச்சக்கரங்களுக்கிடையே அகப்பட்ட ஒருவர் அதனை எழுத்தில் வடித்தார். வங்காள மாகாணத்தில் மோதிஹாரியில் 1903 இல் பிறந்து, பர்மாவிற் பொலிஸ் அதிகாரியாயிருந்து, அவ்வேலையை வெறுத்து விலகிய ஜோர்ஜ் ஓர்வெல் 1920களின் இறுதியில் பாரிஸ் ஹோட்டலொன்றிற் பாத்திரம் கழுவினார். 1933 இல் வெளிவந்த அவருடைய நூல் அவ்வனுபவத்தைக் கூறுகிறது. நாளொன்றுக்குப் பதினொரு மணி நேர வேலை. உணவுக் கூடத்துப் பாத்திரங்கள் சேரும் நாளில் பதினாலு மணி. இரட்டைக் கதவொன்றின் ஒருபுறம் கண்ணாடியும் மலரும் வெள்ளைத் துணியும், மறுபுறம் அழுக்கும் வியர்வையும் வசைமொழியும். கதவைத் தாண்டும் கணத்தில் பரிமாறுவோனின் முகமே மாறிவிடுவதை ஓர்வெல் கண்டார். சில அடி தூரத்தில் இருந்த இரு உலகங்களை ஒரு கதவு பிரித்து வைத்திருந்தது.

ரிட்ஸும் எஸ்கோபியேயும் 1899 முதல் புகழ் சேர்த்த இலண்டன் கார்ல்ற்றன் ஹோட்டல் இருந்த இடத்தில் இன்று நியூசிலாந்து மாளிகை நிற்கிறது. அதன் சுவரில் ஒரு நினைவுப் பலகை உண்டு. 1913 இல் அவ்விடத்தில் வேலை செய்தவர் என்று அது குறிப்பிடுவது ரிட்ஸையும் அன்று, எஸ்கோபியேயையும் அன்று. வியட்னாமின் ஹோ சி மின்னையே அது நினைவுகூர்கிறது. பேரரசின் தலைநகரில் பிரபுக்களுக்கு விருந்து சமைத்த கூட்டத்தில், பின்னாளில் இன்னொரு பேரரசை வீழ்த்தப் போகும் இளைஞர் இருந்தார் என்பதை எந்தப் பிரபுதான் அறிந்திருப்பான்?

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் ஏகாதிபத்தியத்தின் தலைமை அமெரிக்காவுக்கு மாறியது. ஹோட்டல்களின் தலைமையும் மாறியது. 1919 இல் தெக்சாஸ் மாநிலத்து எண்ணெய் ஊரொன்றிற் சிறு விடுதி வாங்கித் தொழில் தொடங்கிய கொன்ராட் ஹில்டன், 1949 இல் போர்ட்டோ ரிக்கோவின் தலைநகரில் தம் ஹோட்டலைத் திறந்தார். கட்டடத்தைக் கட்டியது அத்தீவின் அரசாங்கம். நடத்தியது ஹில்டன். இலாபத்தில் மூன்றில் இரு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு ஹில்டனுக்கும் என்பது ஏற்பாடு. பிறர் பணத்திற் கட்டிடம், தம் பெயரில் ஆட்சி என்னும் இம்முறை உலகெங்கும் பரவியது. 1955 இல் இஸ்தான்புல் நகரில் எழுந்த ஹில்டனுக்குப் பணம் வந்தது துருக்கிய அரசாங்க ஊழியரின் ஓய்வூதிய நிதியிலிருந்தும் அமெரிக்க உதவியிலிருந்தும். தம் ஹோட்டல் ஒவ்வொன்றும் ஒரு சிறிய அமெரிக்கா என்றும், பொதுவுடைமைக்கு எதிராக அது நிற்கிறதென்றும் ஹில்டன் ஒளிவுமறைவின்றிக் கூறிவந்தார். 1959 இல் கெய்ரோவிலும் நைல் ஹில்டன் திறக்கப்பட்டது. அது நின்ற நிலம் முன்பு பிரித்தானியப் படைமுகாம் இருந்த நிலம். அக்கட்டடம் 2015 முதல் ரிட்ஸ் என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2011 இல் எகிப்திய மக்கள் திரண்டெழுந்த தகிரீர் சதுக்கம் அதன் வாசலிலே உள்ளது.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் கியூபாவிலே நிகழ்ந்தது. 1958 மார்ச்சில் ஹவானா நகரில் ஹில்டன் ஹோட்டல் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 2 கோடி 40 இலட்சம் டொலர். லத்தீன் அமெரிக்காவிலேயே உயர்ந்த, பெரிய ஹோட்டல் என்று அது விளம்பரப்படுத்தப்பட்டது. அப்பணம் யாருடையது? சிற்றுண்டிச்சாலைகளிலும் ஹோட்டல்களிலும் உழைத்த கியூபத் தொழிலாளரின் ஓய்வூதிய நிதியே அதன் பெரும் மூலதனம். பரிமாறியவனும் பாத்திரம் கழுவியவனும் முதுமைக்கென்று சேர்த்த காசு, அவர்கள் ஒரு நாளும் விருந்தினராகக் காலடி வைக்கவியலாத மாளிகையாக எழுந்தது. நாட்டில் பதிஸ்தாவின் கொடுங்கோலாட்சி. கடற்கரையில் அமெரிக்கச் சூதாட்டக் கும்பல்களின் உல்லாச விடுதிகள்.

பத்து மாதங்கூட நிறையவில்லை. 1959 சனவரி 8 இல் பிடல் காஸ்ட்ரோ ஹவானாவிற் புகுந்தார். ஹில்டனின் 2324 ஆம் இலக்க அறை சில மாதங்கள் புரட்சியின் தலைமையகமாயிற்று. தாடி வளர்த்த கெரில்லா வீரர்கள் பளிங்குக் கூடத்திற் துப்பாக்கிகளோடு படுத்துறங்கினர். 1960 இல் ஹோட்டல் தேசியமயமாக்கப்பட்டு, 'சுதந்திர ஹவானா' என்னும் பொருள்படும் பெயர் பெற்றது.

கதையை இங்கே நிறுத்திக் கைதட்டுவது எளிது. சரித்திரம் அங்கே நிற்கவில்லை. 1991 இல் சோவியத் யூனியன் சிதைந்ததும் கியூபா பெரும் பொருள்முடைக்கு உள்ளாயிற்று. அந்நியச் செலாவணி தேடி உல்லாசப் பயணத்துறையின் கதவை அகலத் திறந்தது. ஹோட்டல்களின் நிருவாகத்தில் ஸ்பானிய நிறுவனங்கள் பங்கு கொண்டன. வெளிநாட்டாருக்கென ஒதுக்கப்பட்ட ஹோட்டல்களில் கியூபர் தங்குவதற்குத் தடை இருந்தது. அத்தடை நீங்கியது 2008 இல். தொழிலாளரின் ஓய்வூதியத்தில் எழுந்து, புரட்சியினால் மீட்கப்பட்ட கட்டடத்தின் வாசலிலே, தொழிலாளர் மீண்டும் வெளியே நிறுத்தப்பட்டனர். முற்போக்காளர் இதனை மறைத்தல் தகாது. பெயர்ப்பலகையை மாற்றுவது ஒரு நாளிற் கூடும். டொலரை நம்பி வாழும் நாடு, தன் வீட்டிலேயே இரு வாசல் வைக்கும் கட்டாயத்துக்கு ஆளாகின்றது என்பதே இதன் பாடம்.

இப்பாடம் நமக்குத் தொலைவானதன்று. இலங்கையில் உல்லாசப் பயணச் சபை 1966 இல் அமைக்கப்பட்டது. அன்று முதல் கடற்கரைகளில் ஹோட்டல்கள் எழுந்தவண்ணமிருக்கின்றன. 2022 இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்தவியலாது நாடு கைவிரித்த பின்னர், உல்லாசப் பயணியே நம் இரட்சகன் என்னும் பேச்சு உரத்துக் கேட்கிறது. பயணி வரட்டும், நல்லது. ஆனால் அவனுக்கு விரித்த கடற்கரையில் மீனவனின் வாடிக்கு இடமுண்டா, பட்டியலின் அடியிற் சேர்க்கப்படும் நூற்றுக்குப் பத்து வீதச் சேவைக் கட்டணம் அறையைக் கூட்டிய பெண்ணின் கையை முழுதாகச் சென்றடைகிறதா என்று கேட்பவர்கள் வேண்டும்.

என்னிடம் இலக்கணம் படித்த பிள்ளைகளிற் சிலர் வளைகுடா நாடுகளின் பெரிய ஹோட்டல்களில் வேலை செய்கின்றனர். உலகின் விலையுயர்ந்த படுக்கைகளை விரிப்பவர்கள் அவர்கள். உறங்குவதோ ஓரறையில் பலராக, அடுக்குக் கட்டில்களில். திரெமொன்ட் ஹவுஸ் விருந்தினருக்கு 1829 இல் வழங்கிய தனியறையும் பூட்டும், இருநூறாண்டு அணுகியும், அவர்களை இன்னும் சென்றடையவில்லை.

காலிமுக ஹோட்டலின் வாசலில் கதவு திறந்து விருந்தினரை வரவேற்கும் பணியில் சட்டுக் குட்டன் என்பவர் 1942 முதல் 2014 இல் இறக்கும் வரை இருந்தார். கேரளத்திலிருந்து வந்த தொழிலாளி. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மன்னரும் சனாதிபதிகளும் நடிகர்களும் அவரைக் கடந்து உள்ளே சென்றனர். அவர் முகம் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அந்த ஒரு முகத்தைத் தெரியும். துணி வெளுத்தவர், கிழங்கு உரித்தவர், கொதிகலனுக்கு விறகு தள்ளியவர் ஆயிரக்கணக்கானோரின் முகம் எவருக்கும் தெரியாது. ஹோட்டல்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் விருந்தினர் கையொப்பமிட்ட புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சம்பளப் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

பிறநாடு செல்லும் வாய்ப்புக் கிட்டியோர் நல்ல ஹோட்டலிற் தங்குவதை எவரும் குறைகூற வேண்டியதில்லை. தூய அறையும் வெந்நீரும் பூட்டிய கதவும் எல்லா மனிதருக்கும் உரியவை. ஒரு சிலருக்கு மட்டும் உரியனவாக அவை இருப்பதே குற்றம். அறையை விட்டுப் புறப்படும்போது, கட்டிலை விரித்த கை எத்தனை மணிக்கு எழுந்தது, எங்கே உறங்கியது என்று விசாரித்து அறிந்து வருபவர், அந்நாட்டைப் பற்றி நமக்குச் சொல்ல உண்மையான செய்தி ஒன்றையேனும் கொண்டுவருவார்.